சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தை ஓடவிட்டு பெல்ட் துடைக்கலாமா? (மின்சார ஸ்கூட்டர்)

காரைக்குடி சைக்கிள்
எல்லோருக்கும் வணக்கம். பின்சக்கரத்தை ஓட்ட பெல்ட் வைத்த மின்சார ஸ்கூட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மழைக்கு அப்புறம் பின்பக்கத்திலிருந்து கீச் கீச் என்று சத்தம். பக்கத்தில் இருந்த ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அவர் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, "ஆக்சிலேட்டரை லேசா பிடிச்சிக்கிட்டு நில்லுங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஓடுகிற பெல்ட்டில் பனியன் துணியை வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. போதும் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "வண்டி சத்தமே போடல, இதுக்கு ஏன் சார் பயப்படுறீங்க" என்று சிரித்தார்.

பைக் செயினை எல்லோரும் இப்படித்தான் துடைக்கிறார்கள். பெல்ட்டுக்கும் இது சரியா, இல்லை நான்தான் பயந்தாங்கொள்ளியா? கீச் சத்தத்துக்கு என்ன வழி என்பதையும் சொல்லுங்கள்.

ஸ்பானர் 10
தம்பி, வந்தது நல்லது. பைக் செயினை அப்படித் துடைப்பதும் தப்புதான். கியரில் போட்டு சக்கரத்தை ஓடவிட்டு செயின் துடைத்து, விரல் நுனி போன ஆட்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். ஊருக்கு ஊர் ஒரு பழைய மெக்கானிக்கின் கையைப் பார்த்தால் தெரியும்.

பெல்ட்டின் நடுவில் கை பட்டால் தேய்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். பெல்ட் புல்லிக்குள் (பெல்ட் சுற்றி ஓடுகிற சக்கரம்) நுழைகிற வாய் இருக்கிறதே, ஆபத்து அங்கேதான். அந்த இடத்தில் துணி நுனி மாட்டினால் துணி உள்ளே போகும், துணியைப் பிடித்த விரலும் கூடவே போகும். விட வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் வேலை முடிந்திருக்கும். இந்த பெல்ட் பல் வைத்தது, புல்லியிலும் பல் உண்டு. ஆக்டிவா மாதிரி பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் பெல்ட் இருக்கிறது, ஆனால் அது உராய்வால் ஓடுகிற, சிக்கினால் வழுக்கக்கூடிய வி-பெல்ட், மூடிக்குள் இருப்பதால் யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. மின்சார வண்டியில் பல் பெல்ட் வெளியே தெரிகிற இடத்தில் ஓடுகிறது. அது வழுக்கி விட்டுக்கொடுக்காது.

கீச் சத்தம் பெரும்பாலும் தூசியும் சேறும் காய்ந்து பல்லுக்குள் உட்கார்ந்ததால் வருவது. வண்டியை அணைத்துவிட்டு, சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். கிரீஸ், என்ஜின் ஆயில், துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே எதுவும் பெல்ட்டில் படக்கூடாது. கழுவியும் சத்தம் போகாவிட்டால் சக்கரம் கோணலாக இருக்கலாம், இல்லை பெல்ட் இறுக்கம் மாறியிருக்கலாம். அதைச் சர்வீஸில்தான் பார்க்க வேண்டும்.

சும்மா ஒரு ஆள்
இதெல்லாம் கொஞ்சம் ஓவர். எத்தனையோ வருஷமாக பைக் செயினை ஓடவிட்டுத்தான் துடைக்கிறேன், பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது. ஸ்கூட்டர் பெல்ட் ரப்பர். செயின் மாதிரி இரும்பா என்ன?

ஓசூர்வாசி
ரப்பர் என்று சொல்லிவிட்டால் எப்படி நண்பரே? இந்த பெல்ட்களின் உள்ளே இழுவைக்கு கார்பன் இழை மாதிரி பலமான நார்கள் போகின்றன. வெளியேதான் ரப்பரோ பாலியூரித்தேனோ. கத்தியால் அறுப்பதே சிரமம்.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஏத்தர் 450எக்ஸ் மோட்டாரின் டார்க் (சுழற்றுகிற விசை) 26 நியூட்டன் மீட்டர். அந்த டார்க்கை 3 செ.மீ. ஆரம் உள்ள சின்ன புல்லி வழியாக பெல்ட்டுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (இது என் உதாரணம், எந்த வண்டியின் அளவும் இல்லை). 26-ஐ 0.03-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 870 நியூட்டன். அதாவது 88 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட இழுப்பு. நடுவில் வேகத்தைக் குறைக்கிற அமைப்பு ஏதாவது இருந்தால் இன்னும் கூடும். ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் இதில் ஒரு பங்குதான் வரும், வாஸ்தவம். விரலுக்கு அந்தப் பங்கே தாராளம்.

வேகத்தையும் பாருங்கள். 12 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீட்டரில் 20 கி.மீ. என்று காட்டும்போது சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 4 சுற்று சுற்றுகிறது. பின் புல்லி 20 செ.மீ. விட்டம் என்றால் பெல்ட் நொடிக்கு 2.4 மீட்டர் ஓடுகிறது. நாம் சுதாரித்துக் கையை இழுக்கக் கால் நொடி ஆகும். அதற்குள் 60 செ.மீ. பெல்ட் உள்ளே போயிருக்கும். மணிக்கட்டு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் என்ஜின் குறைந்த சுழற்சியில் பலவீனமானது, மாட்டினால் கிளட்ச் வழுக்கும், சில நேரம் என்ஜினே அணைந்துவிடும். மின்மோட்டார் அப்படி இல்லை, நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கையும் கொடுக்கும்.

மில்காரர் மகன்
அப்பா கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் கேட்ட கதை எல்லாமே பெல்ட் கதைதான். வேட்டி நுனி, தோளில் கிடந்த துண்டு, அரைஞாண் கயிறு என்று எது மாட்டினாலும் ஆளையே தூக்கிச் சுற்றிவிடும் என்பார். அந்தக் காலத்தில் ஒரு லைன் ஷாஃப்டிலிருந்து (நீளமாக ஓடுகிற சுழல் தண்டு) வரிசையாக பெல்ட் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டும்.

அதனால்தான் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே (2025 வரை நடப்பில் இருந்தது) இதற்குத் தனிப் பிரிவு போட்டார்கள். 21-ஆவது பிரிவு இயந்திரங்களுக்கு வேலி போடுவதைப் பற்றி. 22 ஓடுகிற இயந்திரத்தில் வேலை செய்வதைப் பற்றி. ஓடும்போது சோதித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்று பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய ஆள்தான் செய்யலாம் என்று அதில் இருந்தது. உடம்போடு ஒட்டிய உடுப்பு போட்டிருக்க வேண்டும், அதை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. ஓடுகிற புல்லியில் பெல்ட்டைக் கையாள்வதென்றால் பெல்ட் 15 செ.மீ.க்கு மேல் அகலம் இருக்கக்கூடாது, காலை ஊன்றி நிற்க உறுதியான இடம் வேண்டும் என்று அளவு சொல்லியே எழுதியிருந்தார்கள். வேலையே அதுவாக இருந்த ஆளுக்கே இத்தனை நிபந்தனை. நாம் லுங்கியும் ரப்பர் செருப்புமாக வாசலில் குந்தி, பக்கத்துவீட்டுப் பையனை ஆக்சிலேட்டர் திருகச் சொல்கிறோம்.

சும்மா ஒரு ஆள்
சட்டமெல்லாம் சரி சார். ஆனால் ஒரு நியாயமான கேள்வி. பெல்ட் நேராக ஓடுகிறதா, ஓரத்துக்குத் தள்ளுகிறதா என்று பார்க்க சக்கரத்தை ஓடவிடாமல் எப்படிப் பார்ப்பது? நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லா பெல்ட்டும் நேராகத்தான் இருக்கும்.

ஸ்பானர் 10
இது சரியான கேள்வி. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணால் மட்டும். பெல்ட்டை மூடுகிற கார்டு (தடுப்பு) மாட்டியபடியே இருக்கட்டும், பார்க்கிறவர் இரண்டடி தள்ளி நிற்கட்டும். கையில் துணி, பிரஷ், ஸ்பிரே டப்பா எதுவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் கையில் ஏதாவது இருந்தால் கை சும்மா இருக்காது. ஆக்சிலேட்டர் பிடிக்கிறவரும் பார்க்கிறவரும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். பார்த்தாச்சு, அணை, சக்கரம் நிற்கட்டும், அப்புறம் கை வை.

துடைக்கிறதுக்கு ஓடவிட வேண்டிய அவசியமே இல்லை. வண்டியை அணைத்துவிட்டு ஒரு சாண் பெல்ட்டைத் துடை, கையை எடு, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் தள்ளு, நின்றதும் அடுத்த சாண். எங்கே ஆரம்பித்தோம் என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஒரு சுற்று முடிந்தது தெரிந்துவிடும்.

ஒரு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, மறு கையில் துணி பிடிக்கிற பழக்கமும் வேண்டாம். சக்கரத்தின் கனத்துக்கு அந்தச் சுற்றே விரலை நசுக்கப் போதும். பின்பக்கமாகச் சுற்றினால் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். பின்னால் சுற்றினால் உள்ளே இழுக்கிற வாய் பெல்ட்டின் மறுபக்கத்துக்கு இடம் மாறும், வேறொன்றும் இல்லை. டிஸ்க் பிரேக் தட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அதுவும் சுற்றும்போது கத்தரி மாதிரி. ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே மோட்டார்) வண்டிக்காரர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர்வாசி
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'அணைத்துவிட்டு' என்று எல்லோரும் எழுதுகிறோம், மின்சார வண்டியில் அணைந்ததா என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பெட்ரோல் வண்டியில் காது சொல்லிவிடும். என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போது யாரும் கையை உள்ளே விடமாட்டார்கள். இங்கே வண்டி புறப்படத் தயாராக இருக்கும்போதும் அமைதி, அணைந்திருக்கும்போதும் அமைதி. கடைக்காரர் "சத்தமே போடல" என்று சிரித்தாரே, பயப்பட வேண்டியதே அதற்குத்தான்.

அதனால் காதை நம்பாமல் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பிளே இருட்டாக வேண்டும். சாவி வண்டியில் இருக்கக்கூடாது, வேலை செய்கிறவர் பையில் இருக்க வேண்டும். சாவியைச் செருகாமல், அதோடு கிட்டே போனாலே திறக்கிற வண்டி என்றால் அந்தச் சாவியையும் போனையும் வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். சீட்டுக்கு அடியில் எம்சிபி ஸ்விட்ச் (பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கிறது) வைத்த வண்டிகள் உண்டு, அதையும் கீழே தள்ளுங்கள். எல்லாம் முடித்ததும், கையை பெல்ட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு தடவை ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்க்க வேண்டும். சக்கரம் அசையாவிட்டால்தான் அணைந்தது என்று அர்த்தம். ஃபேக்டரிகளில் மெஷினைப் பூட்டிச் சீட்டு தொங்கவிட்ட பின்னும் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பார்கள். காரணம் இதுதான்.

சைடு ஸ்டாண்டு போட்டால் மோட்டார் ஓடாது என்ற தைரியம் பலருக்கு. அந்த சென்சார் இருப்பது சைடு ஸ்டாண்டில். நாம் வேலை செய்வது சென்டர் ஸ்டாண்டில்.

தாவணி
நான் வண்டி துடைக்கிற ஆள் இல்லை, பின்னால் உட்கார்ந்து போகிறவள். என் கவலை துப்பட்டா. அப்பாவின் ஸ்கூட்டரில் பின்சக்கரத்துப் பக்கம் பெல்ட்டும் புல்லியும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கின்றன. பக்கவாட்டில் உட்கார்ந்தால் முந்தானை அங்கே போகாதா?

மில்காரர் மகன்
போகும் தங்கச்சி. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. இருசக்கர வண்டியில் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், அதோடு அவர் உடுத்திய துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடுகிற தடுப்பு, மூன்றும் வேண்டும். நம் ஊரில் சேலை கார்டு என்கிறோமே, அதுதான். பையன்கள் 'லுக்'குக்காக முதலில் கழற்றி வீசுவதும் அதையேதான்.

நர்ஸக்கா
எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். துப்பட்டா சக்கரத்தில் சிக்கிய கேஸில் கை கால் அடியை விடக் கழுத்துதான் முதல் கவலை. துணி கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தால் சக்கரம் ஒரு சுற்று இழுப்பதற்குள் கழுத்து இறுகிவிடும், தண்டுவடமே அடிபடலாம். இரண்டு பக்கமும் திறந்த பேட்டரி ரிக்‌ஷாவில் ஓரமாக உட்காருகிறவர்களுக்கும் இதே ஆபத்து, பின்சக்கரம் அவர்கள் இடுப்புக்குக் கீழேயே ஓடுகிறது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் மடித்துப் பையில் வையுங்கள். முந்தானையை மடியில் இழுத்து அதன் மேல் உட்காருங்கள்.

சிக்கிவிட்டால் சக்கரத்தைப் பின்னால் சுற்றி எடுக்கப் பார்க்காதீர்கள். முதலில் வண்டியை அணையுங்கள், துணியைக் கத்தரியுங்கள். கத்தரி இல்லையென்றால் பிளேடு, அரிவாள்மனை, கையில் கிடைத்தது. ஆள் கீழே விழுந்திருந்தால் கழுத்தை அசைக்காமல் 108-க்கு அடியுங்கள்.

பெல்ட்டில் விரல் போன கேஸுக்கும் ஒரு வார்த்தை. மாட்டிக்கொண்ட விரலை இழுக்கக்கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தெரிந்தவர் இருந்தால் பின் அச்சு நட்டைத் தளர்த்தினால் பெல்ட் தொய்ந்து இடம் கொடுக்கும். விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். நேராக ஐஸ் மேல் வைத்தால் சதை கெட்டு, ஒட்டவைக்க முடியாமல் போகும். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் தடவ வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். மோதிரம் மாட்டி இழுத்தால் விரல் தோல் முழுக்க உறை மாதிரி உரிந்து வந்துவிடும். பார்த்திருக்கிறேன், மேலே எழுதவில்லை.

சும்மா ஒரு ஆள்
நர்ஸக்கா பதிவைப் படித்துவிட்டு மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். சரி, தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெல்ட் இல்லாத மின்சார வண்டி வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

ஸ்பானர் 10
பெல்ட் தலைவலி இருக்காது. டிவிஎஸ் ஐக்யூபில் ஹப் மோட்டார், சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், வெளியே பெல்ட்டும் இல்லை செயினும் இல்லை. பஜாஜ் சேத்தக்கின் பெரும்பாலான மாடல்களில் கியர் மூடிக்குள் ஓடுகிறது. ஏத்தர், ரிவோல்ட் ஆர்வி400 இரண்டும் பெல்ட். ரிவர் இண்டி பெல்ட்டில் ஆரம்பித்து செயினுக்கு மாறிவிட்டது. ஓலா மூன்றாம் தலைமுறையில் செயினுக்குப் போய்விட்டார்கள். ஆனால் எந்த வண்டியானாலும் சக்கரம் சுற்றத்தானே செய்யும்?

பெல்ட்டுக்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. செயின் மாதிரி எண்ணெய் கேட்காது, சத்தம் குறைவு. கார்டு முழுசாக இருந்தால் போதும்.

கார்காரர்
நாலு சக்கரப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லலாமா? மின்சாரக் காரில் ஃபேன் பெல்ட்டும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் கிடையாது, ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் தனியாக ஓடுகிறது. அதனால் பானெட்டுக்குள் ஓடுகிற பொருளே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ரேடியேட்டர் ஃபேன் இருக்கிறது. பேட்டரி சூடானால், சார்ஜ் ஏறும்போது, நாம் சாவியோடு வீட்டுக்குள் இருக்கும்போதுகூட அது தானாக ஓட ஆரம்பிக்கும். சார்ஜில் போட்டபடி பானெட்டைத் திறந்து வாஷர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் சட்டைக் கையையும் கழுத்துச் சங்கிலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடுகிற ஆரஞ்சு நிற கேபிளைத் தொடவே வேண்டாம், அது வேறு கதை.

ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்) இன்னும் மோசம். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் 'ரெடி' விளக்கு எரிந்தால் பெட்ரோல் என்ஜின் எப்போது வேண்டுமானாலும் தானே கிளம்பும். மாருதி எர்ட்டிகா, சியாஸில் வந்த மைல்டு ஹைபிரிட்டில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருக்கிற மோட்டாரை பெல்ட்டால் என்ஜினோடு கட்டியிருக்கிறார்கள். சிக்னலில் என்ஜின் தானாக நின்று தானாகக் கிளம்புவது அந்த பெல்ட்டால்தான். இந்த மாதிரிக் கார்களில் பானெட் திறந்தால் என்ஜின் தானாகக் கிளம்பாமல் தடுக்க ஒரு ஸ்விட்ச் வைப்பார்கள். துருப்பிடித்த ஸ்விட்ச் மேல் விரலைப் பந்தயம் கட்டாதீர்கள், முழுசாக அணைத்துவிட்டுத் திறங்கள்.

ஓசூர்வாசி
கெட்டுப்போன மின்சார வண்டியைக் கயிறு கட்டி இழுக்கிறவர்களுக்கும் ஒன்று. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது நிரந்தரக் காந்த மோட்டார். சக்கரம் சுற்றினால், வண்டி அணைந்திருந்தாலும், மோட்டார் ஜெனரேட்டராகி மின்னழுத்தம் உண்டாக்கும். மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் போகலாம், வயரைப் பிரித்துப் போட்டிருந்தால் ஷாக்கும் அடிக்கலாம். மோட்டார் ஓட்டுகிற சக்கரம் தரையில் படாதபடி டாடா ஏஸிலோ பிளாட்பெட்டிலோ ஏற்றிக்கொண்டு போங்கள்.

தாவணி
குழந்தைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் தெருவில் முன்னால் நின்ற பொடியன் ஆக்சிலேட்டரைத் திருகி, ஸ்கூட்டர் நேரே பூக்கடைக்குள் போய்விட்டது. ஓட்டினவர் ஒரு காலை ஊன்றி நின்றபடி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்பானர் 10
வண்டி நின்றதும் பார்க் மோடு (ஆக்சிலேட்டரைத் திருகினாலும் வண்டி நகராது), அப்புறம்தான் பேச்சு. குழந்தையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதே.

காரைக்குடி சைக்கிள்
எல்லோருக்கும் நன்றி. சாவியைப் பையில் போட்டு, ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பல்லுக்குள் செம்மண் கட்டியாக உட்கார்ந்திருந்தது, பின் புல்லி ஓரத்தில் ஒரு சின்னக் கல்லும் இருந்தது. சத்தம் போய்விட்டது. ஆனால் கழுவும்போதுதான் பார்த்தேன், பெல்ட்டின் கீழ்ப்பக்கக் கார்டு பாதி உடைந்து போயிருக்கிறது. முந்தைய உரிமையாளர் கேபிள் டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். புதுசு ஆர்டர் போட்டிருக்கிறேன், வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?

ஸ்பானர் 10
கல் இருந்த இடத்தில் பெல்ட் பல் கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். கிழிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம். நன்றாக இருந்தால் நீங்கள் மட்டும், பேன்ட் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடைத்தெரு வரை போகலாம். கேபிள் டை கட்டினதைக் கழற்றிவிடுங்கள், அது அறுந்து பெல்ட்டுக்குள் போனால் புது பெல்ட்டே வாங்க வேண்டியிருக்கும்.

காரைக்குடி சைக்கிள்
பல் நன்றாக இருக்கிறது அண்ணா, பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அம்மாவைப் பிள்ளையார்பட்டி கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும். சேலைதான் கட்டுவார். மெதுவாகப் போனால்?

நர்ஸக்கா
பஸ்ஸில் கூட்டிப் போங்க தம்பி.